டிவிப் பெட்டிக்குள் வந்த சர்க்கஸ்: கேமரா காட்டியதும் வெட்டியதும்

1980-களில் வளர்ந்தவர்களிடம் சர்க்கஸ் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். யானை ஸ்டூலில் உட்கார்ந்தது, சிங்கத்தின் வாய்க்குள் ஒருவர் தலையை விட்டது, ஜிகினா உடை போட்ட பெண் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவியது என்று நேற்று நடந்தது மாதிரி சொல்வார்கள். எந்த மைதானத்தில் பார்த்தீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் கொஞ்சம் தடுமாற்றம் வரும். "டிவியிலோ சினிமாவிலோ பார்த்ததாக இருக்கும்" என்பார்கள். எனக்கும் அந்தக் கதைதான். தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் கூடாரம் வருவது அபூர்வம். பக்கத்து டவுனுக்கு சர்க்கஸ் வந்திருக்கிறது என்பதை ராத்திரி வானத்தைத் துழாவும் சர்ச் லைட்டை வைத்துத் தெரிந்துகொள்வோம், அவ்வளவுதான். மற்றபடி எங்களுக்கு சர்க்கஸ் என்றால் முதலில் டிவி வாங்கிய வீட்டுக் கூடத்தில், இருபது முப்பது தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்த ஒன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து டயனோரா, சாலிடேர் டிவிகள் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைதான். ஆனால் நினைவில் வருகிற ரிங் மாஸ்டரின் கோட்டு மட்டும் சிவப்பாகவே இருக்கிறது. எங்கிருந்து வந்தது அந்தச் சிவப்பு என்று யோசித்தால் இந்த நினைவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது புரியும்.

சரி, உலகம் முழுக்க டிவியில் ஏன் இவ்வளவு சர்க்கஸ் ஓடியது? குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பது பாதி பதில். மீதியைத் தொலைக்காட்சி நிலையத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். 1940-களின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒளிபரப்பு சூடுபிடித்தபோது நிலையங்களிடம் நேரம் நிறைய இருந்தது, அதில் போட நிகழ்ச்சி இல்லை. நாடகம் எடுத்தால் எழுத்தாளர், ஒத்திகை, அரங்க அமைப்பு எல்லாம் வேண்டும். சர்க்கஸோ தயாராக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு ஆட்டமும் ஆறேழு நிமிடம். முன்கதை கிடையாது, வசனம் கிடையாது. வெளிச்சமும் இசைக்குழுவும் அவர்களுடையதே. கைதட்டக் கூட்டம்கூட அங்கேயே இருந்தது.

வட்டமும் உதவியது. லண்டனில் 1768-இல் குதிரைச் சவாரி வித்தை காட்டத் தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி, ஓடும் குதிரையின் முதுகில் நிற்பதற்கு வட்டப் பாதைதான் தோது என்று கண்டுகொண்டார். வட்டத்தில் ஓடும்போது சவாரி செய்பவர் உள்பக்கம் சாய்ந்து நிலைகொள்ள முடியும். அவர் கடைசியில் பிடித்த அளவு 42 அடி, ஏறக்குறைய 13 மீட்டர் விட்டம். இன்றுவரை உலகெங்கும் சர்க்கஸ் ரிங்குக்கு அதுதான் அளவு. நாடக மேடைக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. ரிங்குக்கு அது கிடையாது. எந்தப் பக்கம் கேமராவை வைத்தாலும் அது நல்ல இடம்தான். கனமான கேமராக்களை நகர்த்தத் திணறிய காலத்தில் இது பெரிய வசதி.

அமெரிக்காவில் ஏபிசி நிறுவனம் 1949-இல் சிகாகோவிலிருந்து 'சூப்பர் சர்க்கஸ்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. மறு ஆண்டே சிபிஎஸ் 'பிக் டாப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1961 முதல் 1965 வரை என்பிசி ஐரோப்பிய சர்க்கஸ்களை 'இன்டர்நேஷனல் ஷோடைம்' என்ற பெயரில் வாராவாரம் காட்டியது. நடிகர் டான் அமீச்சி அந்தந்த அரங்கில் பார்வையாளர்கள் நடுவே உட்கார்ந்து அறிமுகம் செய்வார். பிரான்ஸில் 'லா பீஸ்த் ஓ எத்வால்' 1950-களின் நடுவில் தொடங்கி 1970-களின் இறுதி வரை ஓடியது. ஜெர்மனியில் 1959 முதல் 2008 வரை, மூனிக் நகரில் சர்க்கஸ் குரோனே அரங்கில், சினிமா நட்சத்திரங்களே தர்ம காரியத்துக்காக வித்தை செய்து காட்டும் நிகழ்ச்சி நடந்தது. பிரிட்டனில் கிறிஸ்துமஸ் என்றால் பிபிசியில் பில்லி ஸ்மார்ட் சர்க்கஸ். நம் ஊரில் தீபாவளிக்குப் பட்டிமன்றம் மாதிரி அது அங்கே பண்டிகையின் பகுதியாகவே ஆகிவிட்டது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் டிவி சர்க்கஸைக் கொன்றது என்ற பழைய குற்றச்சாட்டு கொஞ்சம் அவசரமானது என்று தோன்றும். முதல் இருபது ஆண்டுகளில் டிவி சர்க்கஸின் வாடிக்கையாளர். பணம் கொடுத்தது, பெயர் கொடுத்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒரு சர்க்கஸ் கலைஞர் ஒரே ஒரு ஆட்டத்தை ஆயுள் முழுக்கச் செதுக்கி வைத்திருப்பார். கூடாரம் ஊர் ஊராக நகரும் வரை அந்த ஒரே ஆட்டம் அவருக்குச் சோறு போடும். இந்த ஊரில் பார்த்தவர்கள் அடுத்த ஊருக்கு வருவதில்லை. டிவியில் ஒரு ராத்திரி காட்டிவிட்டால் நாட்டில் எல்லா ஊரும் ஒரே சமயத்தில் பார்த்து முடித்துவிடுகிறது. அடுத்த வாரம் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டால், ஏழு பந்தை எறிந்து பிடிக்கப் பத்து வருடம் பழகியவர் என்ன பதில் சொல்வார்? ஊர் ஊராகப் போவதுதான் சர்க்கஸின் பொருளாதாரம். டிவி அந்த இடத்தில் கை வைத்தது.

அமெரிக்காவின் மிகப் பெரிய சர்க்கஸான ரிங்லிங் பிரதர்ஸ் தன் கூடாரத்தைக் கடைசியாக அடித்தது 1956 ஜூலை 16-இல், பிட்ஸ்பர்க் நகரில். அதன்பிறகு கட்டட அரங்கங்களுக்குள் போய்விட்டது. டிவி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கூலி, போக்குவரத்து, கார் நிறுத்த இடம் இல்லாத மைதானங்கள் என்று பலதும் சேர்ந்துகொண்டன. பில்லி ஸ்மார்ட் கதை இன்னும் விசித்திரமானது. அவர்கள் 1971-இல் ஊர் சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் டிவிக்காக சர்க்கஸ் நடத்துவது மட்டும் அதன்பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு அதைப் பார்த்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு, தங்கள் ஊருக்கு இந்தக் கூடாரம் இனி வரவே வராது என்று தெரிந்திருக்கும்?

ஊஞ்சலும் லென்ஸும்

டிவியில் பார்த்த சர்க்கஸுக்கும் கூடாரத்தில் பார்த்த சர்க்கஸுக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள மற்ற ஆட்டங்களை விட்டுவிடலாம். பறக்கும் ஊஞ்சல் ஒன்று போதும்.

1859-இல் பாரிஸில் ழூல் லெயோதார் என்ற இளைஞர் ஒரு ஊஞ்சலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் காட்டியதிலிருந்து இந்த வித்தை தொடங்குகிறது. பின்னால் இரண்டாவது ஊஞ்சலில் ஒரு ஆள் தலைகீழாகத் தொங்க ஆரம்பித்தார். பறந்து வருபவரைப் பிடிக்கிற கேட்சர் அவர். இருவருக்கும் நடுவே வேலை செய்வது பள்ளிக்கூடத்தில் படித்த ஊசல் விதிதான். ஊஞ்சல் ஒரு தடவை போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் கயிற்றின் நீளம் தீர்மானிக்கிறது. ஆளின் எடைக்கு அதில் வேலை இல்லை. 4 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் போக வரச் சுமார் 4 நொடி. கேட்சர் தடித்த ஆளாக இருக்கலாம், தாவுபவர் ஒல்லியான பெண்ணாக இருக்கலாம், இரண்டு ஊஞ்சலும் ஒரே தாளத்தில்தான் ஆடும். ஆகவே ஆட்டம் முழுவதும் ஒரே ஒரு முடிவில் நிற்கிறது: மேடையிலிருந்து எப்போது காலை எடுப்பது. கேட்சர் ஆடத் தொடங்கி, அவர் ஊஞ்சல் சரியான இடத்துக்கு வரும் கணத்தில் தாவுபவர் கிளம்ப வேண்டும். அரை நொடி பிந்தினால் நடுவானில் திருத்திக்கொள்ள ஒரு வழியும் கிடையாது, வலையில்தான் விழ வேண்டும்.

கேலரியில் மேல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு ஊஞ்சலும் ஒரே பார்வையில் தெரியும். விதி பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைக்கும் அந்தத் தாளம் பிடிபட்டுவிடும். கேட்சர் இந்தப் பக்கம் வருகிறார், இப்போ, இப்போ என்று உடம்பே எண்ணத் தொடங்கும். டிவியில் என்ன ஆகும்? முதலில் பெண்ணின் முகம். அடுத்து கேட்சரின் கை. அடுத்து வாய் பிளந்து பார்க்கும் ஒரு குழந்தை. அப்புறம் இரண்டு பேரும் கை கோத்து ஆடுகிறார்கள். நடுவில் இருந்த இடைவெளி, அந்தத் தாளம், வெட்டுக்குள் காணாமல் போய்விட்டது. நிஜமாகவே ஒரே மூச்சில் தாவினாரா என்று நம்புவதற்குக்கூட ஆதாரம் இல்லை. தூரத்திலிருந்து ஜூம் செய்தால் இன்னொரு பிரச்சினை: உயரம் தட்டையாகிவிடும். கூரையை ஒட்டி ஆடும் ஊஞ்சல், வீட்டு முற்றத்து ஊஞ்சல் அளவுக்குத் தெரியும். விவரம் தெரிந்த இயக்குநர்கள் இதற்காகவே பறக்கும் நேரத்தில் வெட்டாமல், அகலமான ஒரே ஷாட்டில் விட்டுவிடுவார்கள். அப்படி எடுக்கப்பட்ட பழைய பதிவுகளை இன்றைக்குப் பார்த்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது.

டிவிக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1982 ஜூலை 10-இல் அமெரிக்காவின் டூசான் நகரில், மிகேல் வாஸ்கெஸ் என்ற 17 வயதுப் பையன் நான்கு குட்டிக்கரணம் போட்டுத் தன் அண்ணன் கையில் வந்து சேர்ந்தான். பொதுமக்கள் முன் அதை முதலில் செய்தது அவன்தான். நான்கா மூன்றா என்று கேலரியில் இருப்பவரால் எண்ண முடியாது, அறிவிப்பாளர் சொல்வதை நம்பிக் கைதட்ட வேண்டியதுதான். அந்த மாதிரி ஆட்டத்தை ஸ்லோ மோஷனில் பார்க்கிறவர் ஒவ்வொரு சுற்றையும் எண்ணலாம். உடம்பு எந்த இடத்தில் விரிகிறது, மணிக்கட்டு எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்றெல்லாம் கூடாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் டிவி வெட்டி எறிந்ததில் பெரிய இழப்பு காத்திருப்புதான் என்பது என் கட்சி. நிஜக் கூடாரத்தில் சிங்க ஆட்டத்துக்கு முன்னால் இரும்புக் கூண்டை ரிங்கைச் சுற்றி மாட்ட வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னால் வலை கட்ட வேண்டும். ஆட்கள் ஓடுவார்கள், கயிறு இழுப்பார்கள், ஒருவர் தொங்கிப் பார்த்துச் சரிபார்ப்பார். பயம் ஊறுவது அந்த நிமிடங்களில்தான். ஜோக்கர்களின் வேலை அந்த நேரத்தை நிரப்புவது. அவர் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார், அவர் முதுகுக்குப் பின்னால் கூண்டு எழும்பிக்கொண்டே இருக்கும். டிவியில் கூண்டு கட்டுவதை யார் காட்டுவார்கள்? சிங்கம் நேராக வந்துவிடும். ஜோக்கர் எதற்கு வந்தார், ஏன் போனார் என்றே தெரியாமல் அவர் ஆட்டம் தனியே தொங்கும். டிவியில் பார்த்த பல பிள்ளைகளுக்கு ஜோக்கர் பகுதி அலுப்பாக இருந்ததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சிரிப்பில் குறை இல்லை, அதன் இடத்திலிருந்து அது பிடுங்கப்பட்டுவிட்டது.

ஸ்பெயினில் இது தலைகீழாக நடந்தது. அங்கே 1973-இல் தொடங்கி காபி, ஃபோஃபோ, மிலிகி என்ற கோமாளிக் குடும்பம் தொலைக்காட்சியில் ஒரு தலைமுறையின் செல்லப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டது. சிகாகோவில் 1961 முதல் 'போசோ' கோமாளி அப்படித்தான். கூண்டும் சிங்கமும் துணையாகிவிட, கோமாளியே நிகழ்ச்சியை நடத்தினார். கேமராவைப் பார்த்து நேராகப் பேசத் தெரிந்த கோமாளிகள் பிழைத்துக்கொண்டார்கள்.

விழுந்தால் என்ன செய்வது

சர்க்கஸில் ஆபத்து விற்பனைப் பொருள். அது நிஜமாக நடந்துவிட்டால் டிவிக்கு என்ன செய்வதென்று தெரியாது. கம்பி நடையில் உலகப் புகழ்பெற்ற வாலண்டா குடும்பத்தின் மூத்தவர் கார்ல் வாலண்டா, 1978 மார்ச் 22-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில், ஒரு ஹோட்டலின் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே கட்டிய கம்பியில் நடந்தார். வயது 73. பலத்த காற்று. சுமார் 37 மீட்டர் உயரத்திலிருந்து கேமராக்களின் முன்னாலேயே விழுந்து இறந்தார். அந்தக் காட்சி பல நாடுகளின் செய்திகளில் ஓடியது.

அவருடைய கொள்ளுப் பேரன் நிக் வாலண்டா 2012 ஜூனில் நயாகரா அருவிக்கு மேலே கம்பியில் நடந்தபோது ஏபிசி நேரலையில் காட்டியது. அவர் உடம்பில் பாதுகாப்புக் கயிறு கட்டியிருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் நிபந்தனை. வேண்டாம் என்பது அவர் விருப்பமாக இருந்தும் கட்டிக்கொண்டுதான் நடந்தார். அடுத்த ஆண்டு அரிசோனாவில் லிட்டில் கொலராடோ ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கயிறு இல்லாமல் கடந்தார். அப்போது டிஸ்கவரி சேனல் ஒளிபரப்பை 10 நொடி தாமதமாக விட்டது. எதற்கு அந்த 10 நொடி என்பதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர் அடுத்த அடி விழுமா என்று பதறிய நேரத்தில், அங்கே அந்த அடி விழுந்து முடிந்திருந்தது.

தூர்தர்ஷன் வழியே

நம் பக்கம் வருவோம். சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-இல். நாடு முழுவதற்குமான தேசிய ஒளிபரப்பும் வண்ணமும் 1982-இல் வந்தன. டெல்லியிலிருந்து வரும் இந்தி நிகழ்ச்சிகளை இந்தி தெரியாத வீடுகள் பார்த்த விதம் தனியாக எழுத வேண்டிய விஷயம். கதை புரியாது, சண்டை புரியும். வசனம் புரியாது, அழுகை புரியும். அந்த நிலைமையில் எதையும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒன்று திரையில் வந்தால் எப்படி இருக்கும்?

1989-இல் தொடங்கிய 'சர்க்கஸ்' தொடர் அப்படித்தான் வந்தது. அஜீஸ் மிர்சாவும் குந்தன் ஷாவும் இயக்கியது. ஒரு சர்க்கஸ் முதலாளியின் மகன், படித்துவிட்டு வந்தவன், வேண்டாவெறுப்பாக அந்த உலகத்துக்குள் இழுபடுவது கதை. மகனாக நடித்தவர் அப்போது சினிமாவுக்கே வராத ஷாருக் கான். பாத்திரத்தின் பெயர் சேகரன். அப்போலோ சர்க்கஸோடு சேர்ந்து படம் பிடித்தார்கள், அதனால் கூடாரமும் விலங்குகளும் வித்தைக்காரர்களும் அசல். குடும்பச் சிக்கலை இந்தியில் பேசும்போது கூடத்தில் சலசலப்பு இருக்கும். ரிங்கில் ஆட்டம் தொடங்கினால் எல்லாத் தலையும் நிமிரும்.

வடநாட்டுத் தொடரில் சேகரன் என்று தெற்கத்திப் பெயர் வைத்தது சும்மா இல்லை என்றே நினைக்கிறேன். இந்திய சர்க்கஸின் முதல் கூடாரம் மராட்டியத்தைச் சேர்ந்தது. விஷ்ணுபந்த் சத்ரே 1880-இல் பம்பாயில் தொடங்கிய கிரேட் இந்தியன் சர்க்கஸ் அது. ஆனால் ஆட்களைத் தயார் செய்தது கேரளத்தின் தலச்சேரி. சத்ரேயின் சர்க்கஸ் அங்கே போனபோது அவருக்கு அறிமுகமான கீலேரி குஞ்ஞிக்கண்ணன் ஒரு உடற்பயிற்சி ஆசிரியர், களரி தெரிந்தவர். 1901-இல் சிறக்கரை என்ற இடத்தில் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். பிறகு இந்தியாவில் கூடாரம் போட்ட பெரிய கம்பெனிகள் பலவற்றின் முதலாளிகளும் கலைஞர்களும் அந்த வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். 1951-இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய எம்.வி. சங்கரனும் அந்தப் பக்கத்துக்காரர்தான். ஜெமினி சங்கரன் என்றே அழைக்கப்பட்ட அவர் 2023-இல் காலமானார்.

ஐரோப்பா மாதிரி வாராவாரம் சர்க்கஸை மட்டுமே காட்டும் நிகழ்ச்சி ஒன்று இங்கே வேரூன்றவில்லை. நமக்குக் கிடைத்தவை துண்டு துண்டானவை. இந்தத் தொடர், எப்போதாவது ஒரு வெளிநாட்டுத் துண்டுப் படம், எல்லாவற்றுக்கும் மேலே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத் தமிழ்ப் படம். எம்.ஜி.ஆர் நடித்த 'பறக்கும் பாவை' முழுக்க சர்க்கஸ் பின்னணிதான், வந்தது 1966-இல். தொடர் தொடங்கிய அதே 1989-இல்தான் 'அபூர்வ சகோதரர்கள்' அப்புவும் சர்க்கஸிலிருந்து வந்தான். ஒரு சிறுபிள்ளையின் மனதில் இவையெல்லாம் தனித்தனி அறையில் இருக்காது. எம்.ஜி.ஆர் படத்து ஊஞ்சலும் அப்போலோ சர்க்கஸ் ஊஞ்சலும் எப்போதோ ஒரு தடவை நேரில் பார்த்த ஊஞ்சலும் ஒன்றாகக் கலந்துவிடும். ரிங் மாஸ்டரின் சிவப்புக் கோட்டும் அந்தக் கலவையிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கலவையில் ஒரு விஷயம் சுத்தமாக விடுபட்டுப்போனது. திரையில் வளைந்து நெளிந்தவர்களில் பலர் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வயதுப் பிள்ளைகள். நாங்கள் பொறாமைப்பட்டோம். பள்ளிக்கூடம் போக வேண்டாம், ஊர் ஊராகப் போகலாம், யானையோடு இருக்கலாம்! அந்தப் பிள்ளைகள் எந்த வயதில், யாருக்கு எவ்வளவு கொடுத்து, எந்த ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள் என்பதை ஆறு நிமிட ஆட்டம் சொல்லாது. நேபாளத்திலிருந்து சிறுமிகள் கடத்திவரப்பட்டு சர்க்கஸ்களில் அடைபட்டுக் கிடந்தது பின்னால்தான் பெரிய அளவில் வெளியே வந்தது. குழந்தைத் தொழிலாளர்களை மீட்கும் அமைப்பான பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரல் 18-இல் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் சிறுவர் சிறுமியரை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்யச் சொன்னது. சர்க்கஸ்காரர்கள் இதை எதிர்த்துச் சொன்ன வாதமும் தெரிந்ததே: எலும்பு முற்றிய பிறகு பழக ஆரம்பித்தால் உடம்பு வளையாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குப் போகிறது. கூடாரத்தில் இருந்த பிள்ளைக்கு வீடு எது என்பதே கேள்வி.

விலங்குகள் அதற்கு முன்னாலேயே போய்விட்டன. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை முதலியவற்றைப் பழக்கிக் காட்சிப்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 1991-இல் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. வழக்குகளுக்குப் பிறகு 1998-இல் சிங்கமும் உள்ள பட்டியலோடு மறுபடி வந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2000-இல் அதைச் சரி என்றது, 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்தப் பட்டியலில் யானை இல்லாததால் அது மட்டும் இன்னும் சில காலம் கூடாரத்தில் நின்றது. டிவியில் சிங்கத்தைப் பார்த்த எங்களுக்குச் சக்கரம் வைத்த அதன் கூண்டின் அகலம் தெரியாது. மைதானத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்திய சர்க்கஸ் சுருங்கிப்போனதற்கு இந்த இரண்டு தீர்ப்புகளும், ஊருக்குள் மைதானம் கிடைக்காததும், கிடைத்தாலும் எட்டாத வாடகையும், தலச்சேரிப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனதும்தான் முதன்மைக் காரணங்கள். இங்கே டிவியின் பங்கு குறைவு. எல்லாவற்றுக்கும் டிவியைத் திட்டுவது சர்க்கஸ் முதலாளிகளுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். தீர்ப்புகள் சர்க்கஸை அழித்தன என்று வருந்துகிறவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்தக் கூண்டும் அந்தப் பிள்ளைகளும் இல்லாமல் ஓட முடியாத ஒரு தொழில் அப்படியே ஓடியிருக்க வேண்டும் என்று எதை வைத்துச் சொல்வது? இன்றைக்கு இங்கே ஓடும் கம்பெனிகளில் எத்தியோப்பியா, தான்சானியா நாட்டுக் கலைஞர்களைப் பார்க்கலாம். தலச்சேரி விட்ட இடத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

டிவி மட்டும் சர்க்கஸை விடவில்லை. பெயரை மாற்றி வைத்துக்கொண்டது. 'அமெரிக்காஸ் காட் டேலண்ட்' 2006-லும் 'இந்தியாஸ் காட் டேலண்ட்' 2009-லும் வந்தன. கம்பி நடை, தீ விளையாட்டு, கத்தி எறிவது, ஆள் மேல் ஆள் ஏறுவது எல்லாம் அங்கே இருக்கின்றன. முன்பு ஆறு நிமிடம் இருந்த ஆட்டம் இப்போது இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் பாதி நேரம் நடுவர்களின் முகம். வாய் பிளந்த குழந்தைக்குப் பதில் வாய் பிளந்த நடுவர். முன்பு கிடையாத ஒன்று இப்போது கட்டாயம்: கலைஞரின் சோகக் கதை. ஆட்டத்துக்கு முன் ஒன்றரை நிமிடம் அம்மா அழுவார். கூண்டு கட்டும் நேரத்தை வெட்டி எறிந்த டிவி, அந்தக் காத்திருப்பு இல்லாமல் பயமோ பரிவோ ஊறாது என்பதைத் தாமதமாகக் கண்டுபிடித்து, கண்ணீரை வைத்து அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது.

அதில் ஒரு குழுவைச் சொல்லாமல் விட முடியாது. மும்பையின் குடிசைப் பகுதிகளிலிருந்து வந்த 'வி அன்பீட்டபிள்' 2020-இல் 'அமெரிக்காஸ் காட் டேலண்ட்: தி சாம்பியன்ஸ்' போட்டியில் வென்றது. நடனக் குழு என்றுதான் பெயர். ஆனால் ஆளைத் தூக்கி எறிவது, காற்றில் கரணம் போட வைப்பது, கீழே நிற்பவர்கள் கையில் பிடிப்பது என்று அவர்கள் செய்தது பழைய கூடாரத்து வேலைதான். வலை கிடையாது. ரஜினியின் 'பேட்ட' படத்து 'மரண மாஸ்' பாட்டுக்கு அவர்கள் ஆடிய வீடியோ தமிழ்நாட்டு வாட்ஸ்அப் குழுக்களில் பல நாள் சுற்றியது. பிள்ளைகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, எறியும் இடத்தில் நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்த்தார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒரு தடவைதான் வரும், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும்.

'சர்க்கஸ்' தொடரை 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய கையோடு தூர்தர்ஷன் மறுபடி ஒளிபரப்பியது. இந்தத் தடவை பார்த்தவர்கள் பேசியதெல்லாம் ஷாருக்கின் இளமையைப் பற்றித்தான். பின்னால் ரிங்கில் அப்போலோ சர்க்கஸ் ஆட்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.